பெரிய குமிழா, கோணலான குமிழா: இரண்டு மூளை அனியூரிசங்களில் எதை முதலில் அடைப்பது என்று முடிவெடுத்த ஒரு நிகழ்வின் ஆய்வு

ஏன் இந்தப் பதிவு

மூளைத் தமனியின் சுவர் ஓரிடத்தில் நலிந்து, குமிழ் போல வெளியே புடைத்து நிற்பதுதான் அனியூரிசம். வயது வந்தோரில் சுமார் 3 சதவீதம் பேரிடம் இது இருக்கிறது. பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் வெடிப்பதில்லை. வெடித்துவிட்டால் மூளையைச் சூழ்ந்த உறைகளுக்கிடையே இரத்தம் பாய்கிறது. அந்த இரத்தக்கசிவுக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்துபோகிறார். பிழைப்பவர்களில் பலருக்கு நினைவாற்றலிலோ பேச்சிலோ கைகால் இயக்கத்திலோ ஏதாவது ஒரு குறை தங்கிவிடுகிறது.

எனவே எந்தக் குமிழ் வெடிக்கும் என்று முன்கூட்டியே அறிய வேண்டும் என்ற தவிப்பு இத்துறையில் எப்போதும் இருந்துவருகிறது. நெடுங்காலம் அளவு ஒன்றையே முக்கியமாகப் பார்த்துவந்தோம். பின்னர் வடிவமும் கணக்கில் சேர்ந்தது. இன்று முப்பரிமாணப் படத்திலிருந்து வடிவத்தை அளந்து ஓர் எண்ணைத் தரும் மென்பொருள்கள் பல வந்துவிட்டன. அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதை எங்கள் குழு ஒரே நோயாளியின் இரண்டு குமிழ்களை முன்னிட்டு விரிவாக விவாதிக்க நேர்ந்தது. படங்களை அளந்து அறிக்கை தந்தவன் என்ற முறையில் அந்த விவாதத்தையும் அதன் பிறகு நடந்ததையும் இங்கே பதிவு செய்கிறேன். நோயாளியின் ஒப்புதலோடு, அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

பின்னணி

நோயாளி 53 வயதுப் பெண். ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் குறைந்து வந்ததால், செவி நரம்பில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டது. கட்டி இல்லை. ஆனால் மூளைத் தமனிகளில் இரண்டு இடங்களில் புடைப்பு தெரிந்தது. அவருக்குக் கடும் தலைவலி வந்ததில்லை, கண்ணிமை இறங்கியதில்லை, நரம்பியல் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. காது கேளாமைக்கும் இந்தக் குமிழ்களுக்கும் தொடர்பில்லை.

சில ஆண்டுகளாக உயர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துவந்தார். ஆனால் வீட்டில் அளந்து குறித்து வைத்திருந்த எண்களில் பாதிக்கு மேல் இலக்கைத் தாண்டியிருந்தன. புகைபிடித்ததில்லை. அவருடைய தாய் அறுபது வயதுக்கு முன்பே திடீரென மயங்கி விழுந்து, மூளையில் இரத்தக்கசிவு என்று சொல்லப்பட்டு இறந்தவர். அதற்கான படமோ அறிக்கையோ கிடைக்கவில்லை. தாயின் மரணத்தை நேரில் பார்த்த மகள் என்பதால், குமிழ் என்ற சொல் இவருக்கு வெறும் மருத்துவச் சொல்லாக இருக்கவில்லை. முதல் சந்திப்பில் அவர் கேட்ட கேள்வி இது: “எது வெடிக்கும், எது வெடிக்காது என்று சொல்ல முடியுமா, டாக்டர்?”

கண்டவை

இரத்தக்குழாய்களைச் சாயம் ஏற்றிக் காட்டும் படமான ஆஞ்சியோகிராம் முதலில் சி.டி.யிலும், பிறகு தொடைத் தமனி வழியே கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி முப்பரிமாணத்திலும் எடுக்கப்பட்டது.

முதல் குமிழ் வலப்பக்க நடு மூளைத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் இருந்தது. அதிகபட்ச அளவு 7.4 மி.மீ. குமிழ் தமனியோடு சேரும் இடமான கழுத்து அகலமானது, 4.9 மி.மீ. சுவர் எங்கும் மேடுபள்ளம் இன்றி வழவழப்பாக இருந்தது.

இரண்டாவது, இருபக்க முன் மூளைத் தமனிகளை இணைக்கும் முன் இணைப்புத் தமனியில் இருந்த 4.4 மி.மீ. குமிழ். அதற்கு இரத்தம் பெரும்பாலும் இடப்பக்கத் தமனி வழியாகவே வந்தது. குறுகிய கழுத்து, மேல்நோக்கி நீண்ட உடல், உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டு ஒரு சிறு துணைக்குமிழ். அந்தத் துணைக்குமிழ்தான் எங்கள் குழு கூடி விவாதித்த கூட்டத்தில் பாதி நேரத்தை எடுத்துக்கொண்டது.

வடிவம் ஏன் முக்கியம் என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. வெடிப்பைத் தீர்மானிப்பது சுவரின் வலிமை. அந்தச் சுவர் எவ்வளவு தடிப்பாக இருக்கிறது, அதில் தசைச் செல்கள் எஞ்சியிருக்கின்றனவா, அழற்சி நடக்கிறதா என்பதை வழக்கமான படங்கள் காட்டுவதில்லை. அவை காட்டுவது உள்ளே ஓடும் இரத்தத்தின் எல்லைக்கோட்டை மட்டுமே. ஆனால் சுவர் எங்கும் ஒரே வலிமையோடு இருந்தால் இரத்த அழுத்தத்தில் அது ஏறக்குறைய உருண்டையாகவே விரியும். ஒரு பக்கம் மட்டும் துருத்துகிறது என்றால் அந்தப் பக்கத்துச் சுவர் மற்ற இடங்களைவிட அதிகமாக விட்டுக்கொடுத்திருக்கிறது என்று பொருள். அதாவது வடிவக்கோணல் சுவர் நலிவின் தடயம். குறுகிய கழுத்தும் உயர்ந்த உடலும் சேர்ந்தால், உள்ளே போன இரத்தம் மெதுவாகச் சுழன்று தேங்கும். அந்தத் தேக்கமும் சுவரின் உள்ளுறைக்கு நல்லதல்ல.

இரண்டு குமிழ்களையும் நான்கு வகையில் அளந்தேன்.

முதலாவது, கழுத்திலிருந்து செங்குத்தாக அளந்த உயரத்தைக் கழுத்தின் அகலத்தால் வகுத்துவரும் விகிதம். முப்பரிமாண ஆஞ்சியோகிராமில் பெரிய குமிழுக்கு 6.1-ஐ 4.9-ஆல் வகுக்க 1.24 வந்தது. சிறிய குமிழுக்கு 4.2-ஐ 2.0-ஆல் வகுக்க 2.1. இந்த விகிதம் 1.6-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும் என்ற கருத்து 2001 முதல் இத்துறையில் புழங்கிவருகிறது.

இரண்டாவது, குமிழின் அதிகபட்ச உயரத்தை (சாய்வாக அளந்தாலும் சரி) அது முளைத்த தமனியின் விட்டத்தால் வகுக்கும் அளவு விகிதம். பெரியது 2.4 மி.மீ. தமனியில் 6.5 மி.மீ. உயரம் எழும்பியிருந்தது: விகிதம் 2.7. சிறியது 1.6 மி.மீ. தமனியில் 4.4 மி.மீ. எழும்பியிருந்தது: 2.75. ஒன்று மற்றொன்றைவிடப் பாதிக்குப் பாதி கூடுதலாகப் பெரியது என்று தோன்றிய வேறுபாடு, தாய்த்தமனியோடு ஒப்பிட்ட உடனே கரைந்துபோயிற்று. மெல்லிய தமனியில் 4 மி.மீ. குமிழ் சிறியதல்ல. இந்த ஒரு கணக்கு கூட்டத்தின் போக்கையே மாற்றியது என்பேன்.

மூன்றாவது, மேடுபள்ளக் குறியீடு. குமிழின் மேல் ஒரு துணியை எங்கும் குழி விழாதபடி இறுக்கிப் போர்த்தினால் அது அடைக்கும் கன அளவு எவ்வளவு, குமிழின் உண்மையான கன அளவு எவ்வளவு என்று பார்த்து, குறைவது எத்தனை பங்கு என்று கணக்கிடுவது. பெரியதுக்கு 0.03, சிறியதுக்கு 0.11. நான்காவது, அதே கன அளவுள்ள அரைக்கோளத்தோடு ஒப்பிட்டு மேற்பரப்பு எவ்வளவு கூடுதல் என்று சொல்லும் கோளமின்மைக் குறியீடு. அதிலும் சிறிய குமிழே கோணல்.

அளவீட்டில் வந்த சிக்கல்

இதே சிறிய குமிழை சி.டி. ஆஞ்சியோகிராமில் அளந்தபோது கழுத்து 2.7 மி.மீ. என்று வந்தது. உயரம் மாறவில்லை. விகிதம் 1.56 ஆகிவிட்டது, 1.6-க்குக் கீழே. அதே குமிழ், அதே வாரம், வேறு கருவி: எல்லைக்கோட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவிவிட்டது. சி.டி.யில் அருகருகே இருக்கும் தமனியும் குமிழும் ஒன்றோடொன்று கலந்து தெரிவதால் கழுத்து அகலமாகத் தோன்றுவது தெரிந்த விஷயம்தான். ஆனால் அறிக்கையில் விகிதம் மட்டும் எழுதப்பட்டு, அது எந்தப் படத்தில் அளந்தது என்பது எழுதப்படாவிட்டால், படிப்பவருக்கு அந்த வேறுபாடு தெரிய வழியே இல்லை.

முப்பரிமாண ஆஞ்சியோகிராமிலும் ஒரே விடை வரவில்லை. குழுவில் இன்னொருவர் என் எண்ணைப் பார்க்காமல் தனியாக அளந்தார். அவருக்குக் கழுத்து 2.4 மி.மீ.; விகிதம் 1.75. முன் இணைப்புத் தமனியில் குமிழ் எங்கே தொடங்குகிறது, தமனி எங்கே முடிகிறது என்று வெட்டுவது ஓரளவு கண் மதிப்பீடுதான். கழுத்து வகுக்கும் எண்ணாக இருப்பதால், அதில் வரும் 0.4 மி.மீ. வேறுபாடு விடையை வெகுவாக அசைத்துவிடுகிறது. மேடுபள்ளக் குறியீட்டில் எங்கள் இருவருக்கும் பெரிய வேறுபாடு வரவில்லை. துணைக்குமிழ் இருக்கிறது என்பதில் துளியும் கருத்து வேறுபாடு இல்லை. ‘ஒழுங்கற்ற வடிவம்’ என்று கண்ணால் பார்த்துச் சொல்வது அறிவியலுக்குக் குறைவானது என்று எண்ணும் இளையவர்களைப் பார்க்கிறேன். இந்த நிகழ்வில் அதுவே மிக உறுதியான அளவீடாக இருந்தது.

குமிழ்ச் சுவரைத் தனியாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. வரிசையும் எடுத்துப் பார்த்தோம். சிறிய குமிழின் ஓரத்தில், சுவர் அழற்சியின் குறியாகக் கருதப்படும் வகையில், சாயம் ஏறியது போலத் தெரிந்தது. ஆனால் குமிழுக்குள் மெதுவாக ஓடும் இரத்தமும் அதே தோற்றத்தைத் தரும். அதனால் அதற்கு எடை கொடுக்கவில்லை. இரத்த ஓட்டத்தைக் கணினியில் உருவகித்துச் சுவரின் மேல் உராயும் விசையைக் கணக்கிடும் முறை பற்றியும் பேச்சு வந்தது. அதிக விசையும் கெடுதல், குறைந்த விசையும் கெடுதல் என்று இரு வழிகளிலும் விளக்கங்கள் இருக்கும்போது, அதுவும் நோயாளியின் சொந்த இரத்த ஓட்ட வேகத்தை அளக்காமல் பொது மதிப்பை உள்ளிட்டுச் செய்யும்போது, சிகிச்சை முடிவுக்கு அது துணை செய்யாது என்று விட்டுவிட்டோம்.

ஆய்வுகள் சொன்னது என்ன

2003-இல் வெளியான பன்னாட்டு ஆய்வின்படி, முன்பு இரத்தக்கசிவு ஏற்படாதவர்களுக்கு மூளையின் முன்பகுதித் தமனிகளில் 7 மி.மீ.க்குக் கீழுள்ள குமிழ்கள் ஐந்தாண்டுகளில் வெடிப்பது 0 சதவீதம்; 7 முதல் 12 மி.மீ. வரை 2.6 சதவீதம். இதை மட்டும் பின்பற்றினால் பெரியதை அடைத்துவிட்டுச் சிறியதை மறந்துவிடலாம். ஆனால் வெடித்த நிலையில் மருத்துவமனைக்கு வருபவர்களிடம் 7 மி.மீ.க்குக் குறைவான குமிழ்களை, அதிலும் முன் இணைப்புத் தமனியில், அடிக்கடி பார்க்கிறோம்.

2014-இல் வந்த, குமிழ் வெடிக்கும் அபாயத்தைக் கணிக்கும் ஃபேசஸ் (PHASES) மதிப்பெண் ஆறு தொடர் ஆய்வுகளில் இருந்த 8,382 பேரின் தரவிலிருந்து உருவானது. மக்கள் தொகுதி, உயர் இரத்த அழுத்தம், வயது, அளவு, முந்தைய இரத்தக்கசிவு, குமிழின் இடம் என்ற ஆறையும் கூட்டுகிறது. வடிவம் அதில் இல்லை. எங்கள் நோயாளியின் பெரிய குமிழுக்கு இரத்த அழுத்தத்துக்கு 1, அளவுக்கு 3, இடத்துக்கு 2 என மொத்தம் 6. ஐந்தாண்டு அபாயம் 1.7 சதவீதம். சிறியதுக்கு இரத்த அழுத்தத்துக்கு 1, இடத்துக்கு 4 என மொத்தம் 5, அபாயம் 1.3 சதவீதம். இதில் மக்கள் தொகுதிக்கு நான் சுழியம் போட்டேன். அது வட அமெரிக்கருக்கும் பின்லாந்து தவிர்த்த ஐரோப்பியருக்கும் உரிய மதிப்பு. ஜப்பானியருக்கு 3, பின்லாந்தினருக்கு 5. எங்கள் நோயாளி இந்த மூன்று வகையிலும் சேராதவர். உலகின் பெரும்பகுதி மக்களும் அப்படித்தான். ஆகவே 1.7, 1.3 என்ற எண்களைத் தனித்தனியே நம்ப முடியாது. ஆனால் இரண்டு குமிழும் ஒரே உடலில் இருப்பதால், மக்கள் தொகுதியால் வரும் பிழை இரண்டையும் ஒரே அளவில்தான் பாதிக்கும். ஒப்பீட்டுக்கு அது தடையில்லை.

2012-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு 5,720 பேரின் 6,697 குமிழ்களைத் தொடர்ந்து கவனித்தது. சராசரியாக ஆண்டுக்கு 0.95 சதவீதம் வெடித்தன. அதில் 3 முதல் 4 மி.மீ. குமிழோடு ஒப்பிட, 7 முதல் 9 மி.மீ. குமிழின் அபாயம் 3.35 மடங்கு. நடு மூளைத் தமனியோடு ஒப்பிட, முன் இணைப்புத் தமனியில் இருப்பதற்கு 2.02 மடங்கு. துணைக்குமிழ் இருந்தால் 1.63 மடங்கு. இனி எளிய பெருக்கல்: பெரிய குமிழுக்கு அளவால் 3.35, சிறிய குமிழுக்கு இடத்தாலும் துணைக்குமிழாலும் 2.02 × 1.63, அதாவது 3.29. ஏறக்குறைய சமம். கழுத்து விகிதம் போன்ற மற்ற வடிவக் கூறுகள் இதில் சேரவே இல்லை.

மென்பொருள் தந்த எண்

வடிவ அளவீடுகளிலிருந்து வெடிப்பு நிலையைக் கணிக்கும் ஒரு கற்றல் மென்பொருளிலும் இரு குமிழ்களையும் உள்ளிட்டோம். பெரியதுக்கு 0.31, சிறியதுக்கு 0.78 என்று வந்தது. கூட்டத்தில் இந்த 0.78 திரையில் தெரிந்ததும் ஓர் அமைதி நிலவியது. நோயாளியின் கோப்பில் அந்த எண் அப்படியே ஏறியிருந்தால், “78 சதவீதம் வெடித்துவிடும்” என்று குடும்பத்தார் படித்திருப்பார்கள். சில மருத்துவர்களும் அப்படிப் படிப்பார்கள்.

அந்த எண் எந்தக் கேள்விக்கு விடை என்று முதலில் கேட்க வேண்டும். இத்தகைய மென்பொருள்கள் பெரும்பாலும் ஏற்கெனவே வெடித்த குமிழ்களையும் வெடிக்காத குமிழ்களையும் கலந்து கொடுத்து, எது எந்த வகை என்று பிரித்தறியப் பயிற்றப்பட்டவை. இதுவும் அப்படித்தான். “இந்தக் குமிழ் தோற்றத்தில் வெடித்தவற்றை ஒத்திருக்கிறதா?” என்பதே அது விடை சொல்லும் கேள்வி. “இது இனிமேல் வெடிக்குமா?” என்பது வேறு கேள்வி. வெடித்தவற்றின் படங்கள் வெடித்த பிறகு எடுக்கப்பட்டவை. வெடிப்பே குமிழின் அளவையும் வடிவத்தையும் மாற்றிவிடக்கூடும். விளைவைப் பார்த்துக் காரணம் என்று கற்றுக்கொள்ளும் ஆபத்து அதில் இருக்கிறது. வெடிக்காமல் நீண்டகாலம் கண்காணிக்கப்பட்டவை என்று தரவில் இருப்பவையும், மருத்துவர்கள் அச்சப்படாமல் விட்டுவைத்தவை மட்டுமே. கோணலாகத் தெரிந்தவற்றை முன்பே அடைத்துவிட்டிருப்பார்கள்.

இன்னொன்று அடிப்படை விகிதம். பயிற்சித் தரவில் வெடித்தவை பாதி, வெடிக்காதவை பாதி என்று வைத்துக்கொள்வோம். வாழ்க்கையில் அப்படி இல்லை. ஆண்டுக்கு நூறில் ஒன்று என்ற அளவில்தான் வெடிக்கின்றன. அந்தப் பாதிக்குப் பாதி உலகத்தில் 0.78 என்பது, வெடிப்பதற்கும் வெடிக்காததற்கும் உள்ள விகிதத்தை 0.78-க்கு 0.22 என, ஏறத்தாழ மூன்றரை மடங்கு உயர்த்துவதற்குச் சமம். ஃபேசஸ் சொன்ன 1.3 சதவீதத்தின் மேல் அந்த மூன்றரை மடங்கை ஏற்றினால் கிடைப்பது சுமார் 4.5 சதவீதம். 78 அல்ல. இதிலும் குமிழின் இடமும் அளவும் இருமுறை எண்ணப்பட்டிருக்க வாய்ப்புண்டு. எனவே இந்த 4.5-ஐயும் மேல்வரம்பாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பெரிய குமிழின் 0.31-ஐ அதே முறையில் ஏற்றினால் 1.7 என்பது 1 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது.

எண்களின் உண்மை மதிப்பு எப்படியிருந்தாலும், வரிசை தலைகீழாக மாறியது. அளவு மட்டும் பேசியபோது பெரியது முன்னே நின்றது. தாய்த்தமனியோடு ஒப்பிட்டபோது சமமாயிற்று. வடிவமும் சேர்ந்தபோது சிறியது முந்தியது. ஒருவரின் தலைக்குள்ளேயே இரண்டு குமிழ்களை ஒப்பிடுகையில் வயது, இரத்த அழுத்தம், மரபு எல்லாம் இருபுறமும் ஒன்றே என்பதால், வடிவத்தின் குரல் அங்கே தெளிவாகக் கேட்கிறது. பல குமிழ்கள் இருந்து அவற்றில் ஒன்று வெடித்த நோயாளிகளை ஆராய்ந்தவர்களும், ஒழுங்கற்ற வடிவம் அளவைச் சாராமல் வெடிப்போடு தொடர்புடையது என்று கண்டிருக்கிறார்கள்.

எடுத்த முடிவும் காரணங்களும்

கூட்டத்தில் மூன்று கருத்துகள் இருந்தன. அறுவை மருத்துவர் பெரிய குமிழை முதலில் திறந்த அறுவையில் கழுத்தில் கிளிப் போட்டு மூட வேண்டும் என்றார். 7 மி.மீ. தாண்டிவிட்டது; கழுத்து அகலமாக இருப்பதால், கதீட்டர் வழியே குமிழுக்குள் சுருட்டி நிரப்பும் மெல்லிய உலோகக் கம்பியான காயில் நிற்காது; அந்த இடம் திறந்த அறுவைக்கு எளிதில் எட்டக்கூடியது. நரம்பியல் மருத்துவர் முதலில் இரத்த அழுத்தத்தை ஒழுங்குபடுத்தி, ஆறு மாதம் கழித்து மறுபடம் எடுத்து, வளர்ச்சி இருந்தால் மட்டும் கை வைக்கலாம் என்றார். கதீட்டர் வழிச் சிகிச்சை செய்பவர் சிறியதை முதலில் காயிலால் அடைக்கலாம் என்றார். கழுத்து குறுகலாக இருப்பதால் காயில் நன்றாக நிற்கும் என்பது அவர் வாதம்.

சிகிச்சையின் அபாயமும் தராசில் ஏற வேண்டும். 2019-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், வெடிக்காத குமிழ்களுக்குக் கதீட்டர் வழிச் சிகிச்சையில் சிக்கல் ஏற்படுவது சுமார் 5 சதவீதம், திறந்த அறுவையில் சுமார் 8 சதவீதம். ஐந்தாண்டு அபாயம் 1 சதவீதம் என்றால் அந்த 8-ஐ ஏற்பது கடினம். 4 சதவீதத்தை நெருங்கினால், அதுவும் 53 வயதில் இன்னும் பல பத்தாண்டுகள் வாழவிருப்பவருக்கு, 5-ஐ ஏற்பதில் நியாயம் இருக்கிறது.

நோயாளியிடம் இரண்டு வகையான எண்களையும் தனித்தனியாகச் சொன்னோம். மென்பொருளின் 0.78-ஐக் காட்டவில்லை. அது அவர் கேட்ட கேள்விக்கு விடையல்ல என்பதால் அப்படி முடிவு செய்தோம். ஆனால் வடிவத்தை அளக்கும் மென்பொருளும் பயன்பட்டது என்பதை மறைக்கவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு நேரான பதில் இதுதான் என்றோம்: எது வெடிக்கும் என்று சொல்ல முடியாது, இரண்டில் எதற்கு முதலில் பயப்பட வேண்டும் என்று ஓரளவு சொல்ல முடியும். அவர் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார். சிறியதை அடைத்துவிட்டுப் பெரியதைக் கண்காணிப்பது என்ற வழியைத் தேர்ந்தார். அதற்குள் இரத்த அழுத்த மருந்துகள் மாற்றி அமைக்கப்பட்டன.

பின் நடந்தவை

காயில் வைக்கும் சிகிச்சை முழு மயக்கத்தில் நடந்தது. கடைசிக் காயில் அமர்ந்த பிறகு குமிழின் கழுத்தருகே சிறு இரத்தக்கட்டி உருவாவது திரையில் தெரிந்தது. இரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் டிரோஃபிபன் என்ற மருந்து உடனே கொடுக்கப்பட்டு, கட்டி கரைந்தது. விழித்தபோது வலது காலில் வலுக்குறைவு இருந்தது. மறுநாள் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் இடப்பக்க முன் மூளைத் தமனியின் எல்லையில் சில சிறு புள்ளிகளில் இரத்த ஓட்டக் குறைவின் தடம் தெரிந்தது. கால் வலிமை சில நாட்களில் முழுமையாகத் திரும்பியது. திரும்பிவிட்டது என்பதற்காக இதை அடிக்குறிப்பாக எழுதக்கூடாது. 5 சதவீதம் என்று சொன்ன சிக்கல் இவருக்கு நேர்ந்தது. எந்த நோய்க்குறியும் இல்லாமல் நடந்து வந்தவர் சில நாட்கள் நடக்க முடியாமல் இருந்தார்.

ஆறு மாதத்தில் எடுத்த படத்தில் கழுத்தில் சிறு மிச்சம் தெரிந்தது. துணைக்குமிழ் முழுவதும் அடைபட்டிருந்தது. ஓராண்டு ஆஞ்சியோகிராமிலும் அதே நிலை. பெரிய குமிழ் மாறவில்லை.

இரண்டாம் ஆண்டுப் படத்தில்தான் சலசலப்பு ஏற்பட்டது. அந்த எம்.ஆர். ஆஞ்சியோகிராம் வேறு இடத்தில், காந்தப்புலம் குறைந்த கருவியில் எடுக்கப்பட்டது. பெரிய குமிழின் ஓரத்தில் புதிய புடைப்பு இருப்பதாக அறிக்கை வந்தது. வடிவ மாற்றம் என்றால் நாங்களே அஞ்சும் அறிகுறி. முதல் படத்தை எடுத்த அதே கருவியில் அதே வரிசையில் மறுபடி எடுத்து, சி.டி. ஆஞ்சியோகிராமும் சேர்த்துப் பார்த்தோம். குமிழின் அருகிலிருந்து கிளம்பும் ஒரு நுண்கிளையின் அடிப்பகுதி, தெளிவு குறைந்த படத்தில் குமிழோடு ஒட்டித் தெரிந்திருக்கிறது. முதல் நாள் முப்பரிமாண ஆஞ்சியோகிராமிலும் அந்தக் கிளை இருந்தது. உண்மை தெரியும் வரை அந்தச் சில வாரங்கள் நோயாளி தூங்கவில்லை என்று அவருடைய கணவர் சொன்னார்.

அவருடைய தங்கைக்கும் படம் எடுக்கப் பரிந்துரைத்தோம். தாய், அக்கா என இரண்டு நெருங்கிய இரத்த உறவினர் பாதிக்கப்பட்டிருந்தால் பரிசோதிப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறை. தாயின் மரணத்துக்கு ஆவணம் இல்லாவிட்டாலும் அதை எண்ணிக்கையில் சேர்த்தோம். தங்கைக்குக் குமிழ் எதுவும் இல்லை.

இப்போது நோயாளிக்கு எந்தக் குறையும் இல்லை. இரத்த அழுத்தம் இலக்குக்குள் இருக்கிறது. பெரிய குமிழ் 7.4 மி.மீ. ஆகவே இருக்கிறது.

எங்கள் முடிவு சரியா என்று இந்த விளைவை வைத்துச் சொல்ல முடியாது. அடைக்கப்பட்ட குமிழ் அடைக்காவிட்டால் வெடித்திருக்குமா என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. பெரியது இரண்டாண்டு வெடிக்காதது, ஆண்டுக்கு நூறில் ஒன்றுக்கும் குறைவான அபாயம் உள்ள எந்தக் குமிழுக்கும் நடக்கக்கூடியதே. முடிவெடுத்த நாளில் கையிலிருந்த சான்றுகளை ஒழுங்காக எடைபோட்டோமா என்று மட்டுமே சோதிக்க முடியும். காலில் ஏற்பட்ட வலுக்குறைவைப் பார்த்த பிறகும் அதே சான்றுகளோடு அதே முடிவைத்தான் எடுப்பேன். நரம்பியல் மருத்துவர் இன்றும் உடன்படவில்லை. ஆறு மாதம் காத்திருந்திருந்தால் வளர்ச்சி இருக்கிறதா என்ற, வடிவத்தைவிட வலுவான ஒரு சான்று கிடைத்திருக்கும் என்கிறார். அவருடைய வாதத்தில் வலு இருக்கிறது. அந்த ஆறு மாதத்தின் அபாயத்தை யார் தாங்குவது என்பதில்தான் நாங்கள் பிரிகிறோம்.

மாற்றிக்கொண்டவை

இந்த நிகழ்வுக்குப் பிறகு, உயர-கழுத்து விகிதத்தை எழுதும் ஒவ்வொரு அறிக்கையிலும் எந்தக் கருவியில், எந்தப் படத்தில் அளந்தது என்பதும், இரண்டாமவர் தனியாக அளந்த எண்ணும் சேர்த்தே எழுதப்படுகின்றன. இரண்டும் 1.6-இன் இருபுறத்தில் விழுந்தால் விகிதத்தை முடிவுக்குப் பயன்படுத்துவதில்லை. துணைக்குமிழ் இருக்கிறதா இல்லையா என்பது தனி வரியாக, அறிக்கையின் முதல் பகுதியில் வருகிறது. தாய்த்தமனியின் விட்டமும் கட்டாயம்.

மென்பொருள் தரும் எண் நோயாளியின் கோப்பில் ஏறுவதில்லை. கூட்டத்தில் அதைக் காட்டுபவர், அது எந்தத் தரவில் எந்தக் கேள்விக்குப் பயிற்றப்பட்டது என்பதையும், அடிப்படை விகிதத்தோடு சேர்த்துத் திருத்திய மதிப்பையும் உடன் சொல்ல வேண்டும். பயிற்சித் தரவு பற்றிய விவரத்தைத் தராத மென்பொருளைப் பயன்படுத்துவதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறோம்.

கண்காணிப்பில் இருப்பவர்களுக்கு, முதல் படம் எடுத்த கருவி, காந்தப்புல வலிமை, பட வரிசை ஆகியவற்றைக் குறித்த ஒரு தாள் கையில் கொடுக்கப்படுகிறது. அடுத்த படத்தை எங்கே எடுத்தாலும் அதைக் காட்டும்படி சொல்கிறோம். குமிழின் அருகே நுண்கிளைகள் இருந்தால் அவற்றின் இடமும் அதே தாளில் படத்தோடு குறிக்கப்பட்டிருக்கும். இந்த நோயாளியின் மூன்றாம் ஆண்டுப் படம் முதல் கருவியிலேயே எடுக்கப்பட இருக்கிறது.